மலையேறியின் கணக்கில் ஆட்டுக்கு இடம் உண்டா?

முதல்லயே சொல்லிடறேன், நான் மலையேறி இல்லை. ஆணி பிடுங்கிய நேரம் போக மீதி நேரத்தில் மலையேறிகள் எழுதிய புத்தகங்களைப் படிக்கிற ஆள். ஏசி அறையில் உட்கார்ந்து எவரெஸ்ட் ஏறுகிற ஜாதி. அதனால் இந்தப் பதிவில் கயிறு கட்டுவது எப்படி, ஐஸ் கோடரி பிடிப்பது எப்படி என்றெல்லாம் எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும் :-)

விஷயம் இதுதான். மலையேறுகிறவர்கள் நடுவில் ரொம்ப நாளாக ஓடுகிற ஒரு சண்டை இருக்கிறது. மலையேற்றத்தைப் பற்றிய பதிவில் என்ன இருக்கணும்? போன பாதை, பாறையின் தரம், கூடாரம் போட்ட இடம், உச்சி. இது போதும் என்று ஒரு கட்சி. வழியில் பார்த்த ஆடு, கழுகு, எலி எல்லாம் எதுக்கு, அதுக்குத்தான் தனியா காட்டுயிர்க்காரங்க இருக்காங்களே என்பது அவர்கள் கேள்வி. மலை என்றால் அதில் இருக்கிறதும் சேர்ந்துதானே, ஆட்டை வெட்டிவிட்டு மலையை மட்டும் எப்படிக் காட்டுறது என்று இன்னொரு கட்சி.

கேட்டால் அற்பச் சண்டை மாதிரி தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் படித்தால் இந்தச் சண்டைக்கு நூற்றைம்பது வருஷத்துக்கும் மேல் வயசு. அதில் ஒரு பெரிய மனுஷர் கோபித்துக்கொண்டு சங்கத்தை விட்டே போயிருக்கிறார். ஒரு மலைக்கே பூட்டுப் போட்டிருக்கிறார்கள். வரிசையாகச் சொல்கிறேன்.

*

ஆட்டுக்குப் பின்னால் போனவர்கள்

ஆல்ப்ஸில் மலையேற்றம் ஆரம்பித்த கதையிலேயே ஆடு இருக்கிறது. ஜெனீவாக்காரர் சோசூர், இயற்கை ஆராய்ச்சியாளர். 1760-ல் ஷமோனி பள்ளத்தாக்குக்கு வந்து மோன் பிளான் மலையைப் பார்த்துவிட்டு, இதன் உச்சிக்கு வழி கண்டுபிடிக்கிறவருக்குப் பரிசு தருகிறேன் என்று அறிவித்தார். உடனே யாரும் ஓடிப்போய் ஏறிவிடவில்லை. இருபத்தாறு வருஷம் ஆச்சு. 1786 ஆகஸ்ட் 8 அன்று பக்கார் என்ற உள்ளூர் டாக்டரும், பால்மா என்பவரும் உச்சியைத் தொட்டார்கள். பால்மாவின் தொழில் மலையில் படிகக்கல் தேடுவது, ஷாமுவா வேட்டையாடுவது. ஷாமுவா என்பது ஆல்ப்ஸின் மலை ஆடு. நம்ம வரையாடு மாதிரி செங்குத்துப் பாறையில் அசால்ட்டாக நிற்கும்.

ஆல்ப்ஸின் ஆரம்பகால வழிகாட்டிகள் பலரும் இந்த மாதிரி ஆட்கள்தான். ஆட்டுக்குப் பின்னால் போய்ப் போய் மலையைப் படித்தவர்கள். எந்தப் பாறை தாங்கும், எந்தச் சரிவில் பனி சரியும் என்ற பாடத்தில் பாதியை அவர்களுக்கு எடுத்தது ஆடு. அடுத்த வருஷம், 1787-ல் சோசூர் தானே ஏறினார். கூட 18 வழிகாட்டிகள், மூட்டை மூட்டையாகக் கருவிகள். உச்சியில் கொடி நட்டுவிட்டு இறங்கவில்லை. மணிக்கணக்கில் உட்கார்ந்து காற்றழுத்தம் அளந்தார், தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கிறது என்று பார்த்தார். அந்தக் காலத்தில் மலையேறுவதற்குக் காரணமே "பார்த்து எழுதுவது"தான். உச்சி என்பது உட்கார்ந்து அளக்க வசதியான ஒரு இடம், அவ்வளவே.

*

டிண்டால் கோபித்துக்கொண்ட கதை

1857-ல் லண்டனில் ஆல்பைன் கிளப் ஆரம்பிக்கிறார்கள். உலகத்தின் முதல் மலையேற்றச் சங்கம். 1863-ல் இருந்து அவர்கள் நடத்தும் இதழின் துணைத்தலைப்பு என்ன தெரியுமா? மலை சாகசமும் அறிவியல் நோக்கும் பதிவாகும் இடம் என்று பொருள் வரும்படி வைத்திருந்தார்கள். ரெண்டும் ஒரே அட்டைக்குள். ஆனால் உள்ளே ரெண்டும் ஒத்துப்போகவில்லை.

அறிவியல் பக்கம் ஜான் டிண்டால். ஆமாம், பத்தாம் வகுப்பு பாடத்தில் வரும் "டிண்டால் விளைவு" டிண்டாலேதான். ஒளிச்சிதறலைப் பற்றி யோசித்த அதே மனுஷர் 1861-ல் வைஸ்ஹார்ன் சிகரத்தில் முதல் ஆளாக ஏறியவர். பனியாறு எப்படி நகருகிறது என்று ஆராய்ந்தவர். எதிர்ப்பக்கம் லெஸ்லி ஸ்டீஃபன். எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபின் அப்பா. மலையில் ஏறுவது சந்தோஷத்துக்காக, அதுக்கு எதுக்குய்யா தெர்மாமீட்டர் என்கிற ஆள். சங்கத்து விருந்து ஒன்றில் அறிவியல்காரர்களைக் கிண்டலடித்து ஸ்டீஃபன் பேச, டிண்டால் மனம் புண்பட்டு 1860-களின் தொடக்கத்தில் சங்கத்தை விட்டே விலகினார். ஸ்டீஃபன் அடங்கவில்லை. பிறகு ரோட்ஹார்ன் ஏறியதைப் பற்றி எழுதும்போது, கையில் தெர்மாமீட்டரே இல்லாமல் குளிரை அளந்த கதையையும் ஓசோனைப் பற்றி ஒரு நக்கலையும் சேர்த்து வைத்தார்.

இதில் ஸ்டீஃபன் பக்கம் ஒரு நியாயம் இருக்கு, அதை ஒத்துக்கணும். அந்தக் காலத்தில் பலபேர் மலையேறுவதற்கு அறிவியலை ஒரு சாக்காக வைத்திருந்தார்கள். வீட்டில் "ஆராய்ச்சிக்குப் போறேன்"னு சொல்லிட்டு ஊர் சுற்றுவது. "எனக்குப் பிடிச்சிருக்கு, ஏறுறேன்" என்று நேரடியாகச் சொன்ன தைரியம் ஸ்டீஃபனுடையது. ஆனால் சாக்கைத் தூக்கிப் போடுகிற ஜோரில் கண்ணையும் சேர்த்துப் போட்டுவிட்டார்களோ என்பதுதான் என் சந்தேகம். அதற்குப் பிறகு மெல்ல மெல்ல மலையேற்றத்தின் பதிவு என்றால் பாதை, நேரம், உச்சி என்று சுருங்கியது.

எல்லோரும் அப்படி இல்லை. மேட்டர்ஹார்னை 1865-ல் முதலில் ஏறிய எட்வர்ட் விம்பர் மரச்செதுக்குப் படக்காரர். கேமரா பரவலாகாத காலத்தில் புத்தகப் படங்களைச் செதுக்கிப் பிழைத்தவர். அவரை "உச்சி வெறியர்" வரிசையில்தான் வைப்பார்கள். அதே விம்பர் 1880-ல் ஈக்வடாரில் சிம்பராசோ ஏறப்போன பயணத்தில் பூச்சிகளைச் சேகரித்துக்கொண்டே போனார். வண்டுகளை நிபுணர்களிடம் கொடுத்து அடையாளம் காணவைத்து, அதற்கென்று தனியாக ஒரு பிற்சேர்க்கைப் புத்தகமே போட்டார். உச்சியும் ஏறினார், பூச்சியும் பிடித்தார். ஒன்று இன்னொன்றுக்கு இடைஞ்சல் இல்லை என்பதற்கு இவரே சாட்சி.

*

எவரெஸ்டில் ஒரு சிலந்தி

அடுத்து இமயமலை. 1921-ல் இருந்து பிரிட்டிஷ்காரர்கள் திபெத் வழியாக எவரெஸ்டுக்குப் போனார்கள். இதை ஏற்பாடு செய்த குழுவில் ரெண்டு முதலாளி. ஒன்று ராயல் ஜியாகிரஃபிக்கல் சொசைட்டி; அவர்களுக்கு வரைபடமும் அறிவியலும் வேண்டும். இன்னொன்று ஆல்பைன் கிளப். அவர்களுக்கு உச்சி வேண்டும். ரெண்டு கிளையன்ட், ஒரே ப்ராஜெக்ட். எப்படி இருந்திருக்கும் என்று நம்ம துறைக்காரங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

சமரசமாக ஒரு வழி கண்டுபிடித்தார்கள். குழுவின் டாக்டரே இயற்கை ஆய்வாளராகவும் இருக்கணும். 1921-ல் வோலஸ்டன், 1922-ல் லாங்ஸ்டாஃப், 1924-ல் ஹிங்ஸ்டன். வோலஸ்டன் கண்டெடுத்த பிரிமுலா பூ ஒன்றுக்கு இன்றும் அவர் பெயர்தான்.

அவர்கள் எழுதி வைத்ததில் என்னை ரொம்ப யோசிக்க வைத்த விஷயம், ரோங்புக் மடத்துப் பக்கத்து ஆடுகள். பரல் என்கிற நீல ஆடு, வேறெங்கும் மனுஷனைக் கண்டால் ஓடும். அங்கே ஓடவில்லை. துறவிகளின் குகை வாசலில் வந்து தீனி தின்றுவிட்டுப் போனது. காரணம் சுலபம்: அந்தப் பள்ளத்தாக்கில் யாரும் கொல்வதில்லை. 1922-ல் குழுத்தலைவர் ஜெனரல் புரூஸிடம் ரோங்புக் மடத்தின் தலைமை லாமா விதித்த நிபந்தனையும் இதுதான், இங்கே எந்த உயிரையும் கொல்லக்கூடாது. புரூஸ் ஒத்துக்கொண்டார். மலையேறிகளுக்கு அது ஏறவேண்டிய மலை. லாமாவுக்கு அது குடியிருப்பு. உள்ளே வருகிறவன் குடியிருக்கிறவர்களை மதிக்கணும் என்று அவர் எதிர்பார்த்தார்.

1924-க்கு வருவோம். மேலரியும் இர்வினும் ஜூன் 8 அன்று உச்சியை நோக்கிப் போய்த் திரும்பாத வருஷம். நூறு வருஷமாக நாம் அந்தக் கதையைத்தான் பேசுகிறோம். அதே குழுவில் ஹிங்ஸ்டன் பத்தாயிரம் அளவுக்கு உயிரின மாதிரிகளைச் சேகரித்தார், பெரும்பாலும் பூச்சிகள். பனியால் கண் தெரியாமல் போன தலைவர் நார்டனைக் கவனிக்க, மலையேறியே அல்லாத இந்த டாக்டர் சுமார் 7,000 மீட்டர் உயரத்திலிருந்த முகாம் வரை ஏறினார். அவருடைய முக்கியமான கண்டுபிடிப்பு 22,000 அடியில், அதாவது 6,700 மீட்டரில் இருந்த ஒரு குட்டிச் சிலந்தி. வலை பின்னாமல் தாவிப் பிடிக்கிற ரகம்.

செடி முளைக்காத உயரம் அது. சிலந்தி எதைத் தின்னும்? சிலந்தியைச் சிலந்தி தின்றுகொண்டே இருக்க முடியாதே! இதற்குப் பதில் பின்னாளில் லாரன்ஸ் ஸ்வான் போன்றவர்களால் தெளிவானது. கீழிருந்து காற்று மகரந்தத்தையும் இலைத்தூளையும் செத்த பூச்சிகளையும் மேலே தள்ளிக்கொண்டு வருகிறது. அதை எள்ளளவுப் பூச்சிகள் தின்கின்றன. அந்தப் பூச்சிகளைச் சிலந்தி தின்கிறது. காற்று பரிமாறும் சாப்பாடு! இந்தச் சிலந்திக்கு 1975-ல்தான் முறையாகப் பெயர் வைத்தார்கள்: யூஃப்ரிஸ் ஆம்னிசூப்பர்ஸ்டெஸ். எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது என்று அர்த்தம். டாக்டர் குனிந்து கல்லுக்கடியில் பார்க்காமல், உச்சியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தால் இந்தக் கதை அப்போது கிடைத்திருக்காது.

*

இல்லாத மிருகத்தின் புகழ்பெற்ற படம்

மலையேறிகள் எடுத்த காட்டுயிர்ப் படங்களிலேயே உலகப்புகழ் பெற்றது எது? யோசித்துப் பாருங்க. ஆடு இல்லை, கழுகு இல்லை. எட்டிப் பனிமனிதனின் கால்தடம்!

1921-லேயே குழுத்தலைவர் ஹோவர்ட்-பரி உயரத்தில் பனியில் தடங்களைப் பார்த்தார். ஓநாயாக இருக்கலாம் என்பது அவர் கணிப்பு. கூலியாட்கள் சொன்ன திபெத்தியப் பெயரைப் பத்திரிகைக்காரர் ஒருவர் "அருவருப்பான பனிமனிதன்" என்று மொழிபெயர்த்துவிட, தீ பற்றிக்கொண்டது. 1951-ல் எரிக் ஷிப்டன் மென்லுங் பனியாற்றில் எடுத்த படம் அதில் எண்ணெய் ஊற்றியது. பெரிய தடம், பக்கத்தில் அளவுக்கு ஐஸ் கோடரி. ஏறுகிற கருவியே அளவுகோலாக மாறிய படம். 1954-ல் ஒரு லண்டன் நாளிதழ் பணம் போட்டு எட்டி தேடவே ஒரு பட்டாளத்தை அனுப்பியது.

1960-ல் எட்மண்ட் ஹிலாரி கும்ஜுங் கிராமத்து மடத்தில் இருந்த "எட்டித் தலைத்தோலை" இரவல் வாங்கி, ஊர்ப் பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு அமெரிக்கா, ஐரோப்பா என்று போய் நிபுணர்களிடம் காட்டினார். சீரோ என்கிற மலை ஆட்டின் தோலில் செய்தது என்று முடிவானது. 2017-ல் எட்டியுடையவை என்று சொல்லப்பட்ட ஒன்பது மாதிரிகளின் மரபணுவைப் பார்த்தார்கள். எட்டு கரடி, ஒன்று நாய். கதை முடிந்தது.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் இது எதிர்க்கட்சிக்கு நல்ல ஆயுதம்: "பார்த்தியா, மலையேறிகிட்ட காட்டுயிர் கேமரா கொடுத்தா இப்படித்தான் ஆகும்". அதற்குப் பதில் 1937-லேயே இருக்கு. ஃபிராங்க் ஸ்மைத், கார்வாலில் பியுந்தர் பள்ளத்தாக்குப் பக்கம் (இன்றைக்கு "மலர்களின் பள்ளத்தாக்கு" என்று நாம் சொல்லும் இடம்) இதே மாதிரி தடங்களைப் பார்த்தார். கூட வந்தவர்கள் பனிமனிதன் என்று பயந்தார்கள். ஸ்மைத் அளந்தார், படமெடுத்தார், விலங்கியல் நிபுணர்களுக்கு அனுப்பினார். கரடி என்று பதில் வந்தது. அதே மலைத்தொடர், அதே மாதிரி தடம், அதே கேமரா. வித்தியாசம், படத்துக்குப் பிறகு என்ன செய்தார் என்பதில்.

இதே மாதிரி இன்னொரு கதையில் நம்ம ஊரும் வருகிறது. தலையில் ரெண்டு கருப்புக் கோடு போட்ட வரித்தலை வாத்து, குளிர்காலத்தில் நெல்லைப் பக்கம் கூந்தன்குளத்துக்கு வருகிற விருந்தாளி. இது இமயமலையைத் தாண்டிப் போகிறது. 1954-ல் மக்காலு ஏறப்போன அமெரிக்கக் குழுவில் இருந்த அதே ஸ்வான், ராத்திரியில் தலைக்கு மேல் இவற்றின் சத்தம் கேட்டதாக எழுதினார். அது வாய் மாறி வாய் மாறி "எவரெஸ்டுக்கு மேலே பறக்கும் வாத்து" ஆகிவிட்டது. பின்னாளில் கருவி கட்டிப் பார்த்தபோது பதிவான அதிகபட்ச உயரம் 7,290 மீட்டர். பெரும்பாலும் கணவாய், பள்ளத்தாக்கு வழியாகத் தரையை ஒட்டித்தான் போகின்றன. கேட்ட ஒரு சத்தம்தான் ஆராய்ச்சிக்கு விதை. அளந்த பிறகுதான் அது விடை.

*

பூட்டுப் போட்ட மலை

இப்போ இந்தப் பதிவின் முக்கியமான இடத்துக்கு வந்துட்டோம். நந்தா தேவி.

உத்தராகண்டில் 7,816 மீட்டர் மலை. சுற்றிலும் வளையமாகச் சிகரங்கள், உள்ளே கோட்டை மாதிரி ஒரு பள்ளத்தாக்கு. ஒரே வாசல் ரிஷி கங்கை ஆற்றின் பிளவு. எத்தனையோ பேர் முயன்று முடியாமல், 1934-ல் எரிக் ஷிப்டனும் (அதே எட்டி ஷிப்டன்!) டில்மனும், அங் தார்கே, பசாங், குசாங் என்ற மூன்று ஷெர்ப்பாக்களும் உள்ளே நுழைந்தார்கள். மனிதர் காலடி படாத புல்வெளி, மந்தை மந்தையாகப் பரல் ஆடுகள். அதை எழுதி வைத்தார்கள். 1936-ல் டில்மனும் ஓடெல்லும் உச்சியை ஏறினார்கள். 1939-லேயே இது வேட்டை தடை செய்யப்பட்ட சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

1962-க்குப் பிறகு எல்லைப் பிரச்சனையால் வெளிநாட்டவர் வரவு நின்றது. 1965-ல் சீனாவின் அணுச்சோதனையை வேவு பார்க்க சி.ஐ.ஏ.வும் இந்திய உளவுத்துறையும் புளூட்டோனியம் கருவி ஒன்றை உச்சிக்குக் கொண்டுபோகப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டு வந்து, தொலைத்தே விட்டார்கள். (தனிப்பதிவு போடவேண்டிய கதை.) 1974-ல் மலை மறுபடி திறந்தது. திபுதிபுவென்று குழுக்கள் வந்தன.

எட்டே வருஷம். குழுவுக்குக் குழு சுமைகூலிகள். சமைக்க, குளிர் காய விறகு. அந்த உயரத்தில் விறகு என்றால் ஜூனிப்பர் புதர்தான், அது வளர எத்தனையோ வருஷம் ஆகும். சாமான் தூக்க ஆட்டு மந்தை. டப்பா, பிளாஸ்டிக், கயிறு, எல்லாம் அங்கேயே. மனுஷர் வரப் பாதை விழுந்ததும் கஸ்தூரி மானுக்குக் கண்ணி வைக்கிறவனும் வந்தான். 1982-ல் அரசு அதைத் தேசியப் பூங்காவாக அறிவித்துக் கதவைச் சாத்தியது. 1988-ல் உலகப் பாரம்பரியச் சின்னம். நாற்பது வருஷத்துக்கும் மேலாகச் சாதாரண மலையேறிக்கு அந்தக் கதவு மூடியே கிடந்தது. 1993-ல் ராணுவப் பொறியாளர்கள் குழு ஒன்று விஞ்ஞானிகளோடு உள்ளே போனது. ஏறினார்கள், ஆராய்ந்தார்கள், பழைய குப்பையை அள்ளிக்கொண்டும் வந்தார்கள்.

இங்கேதான் என் துறை புத்தி வேலை செய்கிறது. ஒரு சிஸ்டம் எழுதுகிறோம். அதோட லாக்கில் "வெற்றி", "தோல்வி" என்று ரெண்டே ரெண்டு செய்திதான் பதிவாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெமரி ஒழுகுது, டிஸ்க் நிரம்புது, ஒன்றும் பதிவாகாது. ஒருநாள் மொத்தமாகப் படுத்துக்கும். அப்போ லாக்கைத் திறந்தால் என்ன இருக்கும்? வெற்றி, வெற்றி, தோல்வி, வெற்றி. அந்த எட்டு வருஷத்துப் பயணங்களில் என் கைக்குக் கிடைத்து நான் படித்தவை பெரும்பாலும் அப்படித்தான் இருக்கின்றன. எந்த முகடு, எத்தனை முகாம், யார் உச்சி. 1934-ல் மந்தையாக நின்ற பரல் ஆடு இப்போ எத்தனை என்று போகிற போக்கில் ஒரு வரி, ஒரு படம் ஒவ்வொரு குழுவும் வைத்திருந்தால், மணி அடித்திருக்கும். கதவு சாத்துவதற்கு முன்னாடியே மலையேறிகளே தங்களைத் திருத்திக்கொண்டிருக்க முடியும்.

இதில் அடிபட்டது மலையேறிகள் மட்டுமில்லை என்பதுதான் கொடுமை. பூங்கா விளிம்பில் லாதா, ரேணி என்று போட்டியா மக்களின் கிராமங்கள். 1974 மார்ச்சில் கௌரா தேவி தலைமையில் பெண்கள் மரத்தைக் கட்டிப்பிடித்துக் காட்டைக் காப்பாற்றிய சிப்கோ கதை ரேணியில்தான் நடந்தது. காட்டைக் காப்பாற்றிய அந்த ஊர்களுக்கே 1982-ல் மேய்ச்சல் போச்சு, மலையேறிகளுக்குச் சுமை தூக்கிய வருமானமும் போச்சு. 1998-ல் லாதா மக்கள் தங்கள் உரிமையைக் கேட்டுத் தடை செய்யப்பட்ட பகுதிக்குள்ளேயே நுழைந்து போராடினார்கள். விறகை எரித்தது ஒருவன், குளிரில் நின்றது இன்னொருவன். 2003 முதல் வெளிவிளிம்பில் ஒரு சின்னப் பாதையில் மட்டும், உள்ளூர் வழிகாட்டிகளோடு நடக்க அனுமதி கிடைத்தது.

*

எரிமலை உச்சியில் எலி

சோகமாகவே முடிக்க வேண்டாம். இது நம் காலத்தில் நடந்தது. சிலி-அர்ஜென்டினா எல்லையில் யூயாயாக்கோ என்று 6,739 மீட்டர் எரிமலை. 1999-ல் உச்சியில் இன்கா காலத்துக் குழந்தைகளின் உறைந்த உடல்கள் கிடைத்த அதே மலை. 2013-ல் அங்கே ஏறப்போன ரெண்டு பேர் சுமார் 6,200 மீட்டரில் பனியில் எலி ஒன்று ஓடுவதைப் பார்த்து வீடியோ எடுத்தார்கள். "ஏறவந்த இடத்துல எலி எதுக்கு?" என்று விட்டிருக்கலாம். விடவில்லை.

அந்தத் தகவல் விஞ்ஞானிகளிடம் போனது. 2020-ல் ஜே ஸ்டார்ஸ் என்ற உயிரியலாளரும் ஒரு மலையேறியும் சேர்ந்து ஏறி, உச்சியிலேயே, 6,739 மீட்டரில், உயிரோடு ஓர் எலியைப் பிடித்தார்கள். பாலூட்டி இந்த உயரத்தில் வாழுமா என்ற பாடப்புத்தகக் கணக்கே மாறியது. 2023-ல் பக்கத்துச் சிகரங்களில் காய்ந்துபோன எலி உடல்கள் பல கிடைத்ததாக ஆய்வு வெளிவந்தது. காலத்தைக் கணக்கிட்டால் அதிகபட்சம் முன்னூற்றைம்பது வருஷம். அதாவது இன்காக்களின் மூட்டையோடு வந்தவை இல்லை. தாமாகவே ஏறிக் குடியிருந்தவை.

மலையேறியால் மட்டும் முடிகிற விஷயம் இது. விலங்கியலாளர் யாரும் அந்த உயரத்தில் எலிப்பொறி வைக்கப் போயிருக்க மாட்டார். போகவேண்டும் என்று தோன்றியதற்குக் காரணமே அந்த வீடியோதான்.

*

சரி, அப்போ யார் சொல்வது சரி?

எதிர்க்கட்சியின் பயத்தில் ரெண்டு நியாயமானவை. ஒன்று, அழகுக்காக மட்டும் சேர்க்கிற படம். பின்னணி மொத்தமும் மங்கலாகி, ஒரு பறவை முகம் மட்டும் பளிச். எந்த மலை, எந்த மாதம், என்ன உயரம், ஒன்றும் தெரியாது. அது வண்டலூரில் எடுத்ததா என்று கேட்டால்கூடப் பதில் கிடையாது. நல்ல படமாக இருக்கலாம். மலையேற்றப் பதிவில் அதற்கு வேலை இல்லை. அதை வெட்டினால் நான் எதிர்க்க மாட்டேன்.

ரெண்டாவது, படத்துக்காகத் தொந்தரவு செய்வது. ஜார்ஜ் ஷாலர் 1970-ல் சித்ரால் மலைகளில் காட்டுப் பனிச்சிறுத்தையை முதன்முதலாகப் படமெடுத்தபோது, ஆட்டைக் கட்டிவைத்துக் காத்திருந்துதான் எடுத்தார். மூணு வருஷம் கழித்து அவரோடு நேபாளத்தில் நடந்த பீட்டர் மத்தீசன் கடைசிவரை சிறுத்தையைப் பார்க்கவே இல்லை. பார்க்காததைப் பற்றியே புகழ்பெற்ற ஒரு புத்தகம் எழுதினார். இன்றைக்கு ஆள் பக்கத்தில் போகாமலே தானியங்கிக் கேமராக்கள் அந்த வேலையைச் செய்கின்றன. 2024-ல் வெளியான கணக்குப்படி இந்தியாவில் 718 பனிச்சிறுத்தைகள். எங்கே இருக்கு என்று துல்லியமாக ஊருக்குச் சொன்னால் வேட்டைக்காரனுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம். எனவே சிறுத்தை, கஸ்தூரி மான், கூடு கட்டிய பறவை என்றால் இடத்தை மறைப்பது நல்லது.

இந்த ரெண்டையும் கழித்துவிட்டால், என் தீர்ப்பு ஆட்டின் பக்கம்தான். மலையும் படத்தில் தெரியணும், தேதியும் உயரமும் கீழே இருக்கணும், கிட்டப் போய் விரட்டியிருக்கக் கூடாது. அப்படி ஒரு பரல் ஆட்டின் படம் இருந்தால், அது உச்சியில் கொடி பிடித்து நிற்கிற படத்துக்கு எந்த வகையிலும் குறைந்ததில்லை. உச்சிப்படம் "நான் போனேன்" என்று சொல்கிறது. ஆட்டுப்படம் "நான் போனபோது மலை இப்படி இருந்தது" என்று சொல்கிறது. ஐம்பது வருஷம் கழித்துத் தேடி வருகிறவனுக்கு எது உபயோகம் என்பதை உங்கள் முடிவுக்கே விடுகிறேன்.

ரோங்புக் லாமா 1922-ல் இதையெல்லாம் யோசித்துச் சொல்லியிருக்க மாட்டார்தான். அங்கே குடியிருக்கிறவர்களை நினைவில் வைத்துக்கொண்டு ஏறுங்கள் என்பது மட்டும்தான் அவர் கேட்டது. அதைப் பதிவிலும் கடைப்பிடித்தால் என்ன?

பி.கு. 1: புளூட்டோனியம் கதையை யாராவது முந்திக்கொண்டு எழுதினால் மகிழ்ச்சியே. அடுத்த ரெண்டு வாரம் எனக்கு ஆணி அதிகம்.

பி.கு. 2: "நீ ஒரு குன்று கூட ஏறாம தீர்ப்பு சொல்றியே" என்று கேட்கப்போகிறவர்களுக்கு: கிரிக்கெட் பற்றி நாம பேசாததா? :-)